கால்: ஓர் ஊர்ப்பெயரின் பின்பாதி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பகுதி வேங்கிக்கால். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதன் கடைசி அசை நாமக்கல்லின் கடைசி அசையாகிவிடும். காரைக்காலுக்கும் அதே எழுத்துகள்தான், ஒகேனக்கல்லுக்கும் அதே எழுத்துகள்தான். ரோமன் எழுத்து குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டுவதில்லை. நாமக்கல்லிலும் ஒகேனக்கல்லிலும் இருப்பது கல். வேங்கிக்காலில் இருப்பது கால். வெளியூரிலிருந்து வருகிறவர் 'வேங்கிக்கல்' என்று படித்துவிட்டால் ஊரின் பெயரிலிருந்து தண்ணீர் வற்றிப் பாறை முளைத்துவிடுகிறது.

தண்ணீர் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதி ஏரிகளை நம்பி வாழ்ந்த நிலம். மலையில் பெய்த மழை ஓர் ஏரியில் தங்கி, அது நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வழிகளுக்குப் பெயர் கால். வேங்கிக்காலுக்கும் சொந்தமாக ஏரி உண்டு. ஏரியை ஒட்டிய ஊரின் பெயரில் வரும் 'கால்' என்பதை நீர்வழி என்று படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வாய்க்காலில் அது பின்னால் நிற்கிறது, கால்வாயில் முன்னால் நிற்கிறது. இரண்டும் அதே இரண்டு சொற்களால் ஆனவை. ஆனாலும் சூயஸை யாரும் வாய்க்கால் என்பதில்லை, வயலுக்குள் மண்வெட்டியால் திருப்பிவிடும் நீரைக் கால்வாய் என்பதும் இல்லை. சொற்களின் வரிசையை மாற்றியே சிறிதையும் பெரிதையும் பிரித்துவிட்டது வழக்கு. கன்னடத்தில் இதையே காலுவெ என்கிறார்கள், தெலுங்கில் காலுவ. ஆகவே நீர்வழி என்ற பொருள் தமிழுக்கு மட்டும் உரியது அல்ல, உடன்பிறந்த மொழிகளுக்கும் பொதுவானது. இந்தப் பொருளில் அமைந்த ஈழத்து ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் தமிழர் இனி வெறும் நீர்வழியாகக் கேட்க முடியாது. 2009 மே மாதத்துக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் என்றால் அகராதி தரும் பொருள் நினைவுக்கே வருவதில்லை. ஒரு சொல்லின் பொருளை வரலாறு ஒரே நாளில் மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

வேங்கிக்காலிலிருந்து கோயிலுக்குப் போனால் அதே சொல் வேறு வேலை செய்கிறது. அருணாசலேசுவரர் கோயிலில் இருப்பது ஆயிரங்கால் மண்டபம். அங்கே கால் என்றால் தூண். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, அந்த மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கச் சந்நிதியில்தான் தன்னை மறந்து அமர்ந்திருந்தார். கார்த்திகை தீபத் திருவிழாவின் முன்னேற்பாடாக ராஜகோபுரத்தின் முன் நடுவது பந்தக்கால். அது தூணும் அல்ல, மரக்கழி. ஆனால் அந்தக் கழியை நட்டுவிட்டால் விழா தொடங்கிவிட்டது என்று பொருள். நிற்பது, தாங்குவது, தொடங்குவது என்று மூன்று கருத்துகளும் இந்த ஒரு கழியில் சேர்ந்துவிடுகின்றன.

தொடங்குதல் என்ற பொருளுக்கு வயது அதிகம். போரில் மாண்டவனுக்குக் கல் நடுவதில் உள்ள நிலைகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் காட்சிக்கு அடுத்த நிலை கால்கோள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதைக்கே கால்கோட் காதை என்று பெயர். இது புத்தகத்துக்குள் அடங்கிய செய்தியாக இந்த மாவட்டத்தில் இருப்பவருக்குத் தோன்றாது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் நின்றன. மாநிலத் தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமி பதிப்பில் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை நூல். அந்தக் கற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்கோள் நடந்திருக்கும். இன்று மாநாட்டுப் பந்தல் போடத் தொடங்கும்போது அழைப்பிதழில் 'கால்கோள் விழா' என்று அச்சிடுகிறார்கள். நடுகல்லின் சடங்கு மறைந்த பின்னும் அதன் சொல் வேலையை விடவில்லை.

காலைத் தூணாகக் காண்பது எளிது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் தம் உடலைக் கோயிலாகவும் கால்களைத் தூண்களாகவும் கண்டது கன்னடத்தின் புகழ்பெற்ற வசனங்களுள் ஒன்று. அவர் தூணுக்குக் 'கம்பம்' என்ற வேறு சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் அந்த இரண்டாவது சொல்லுக்கும் தேவை இல்லை. கட்டிலுக்குக் கால், பந்தலுக்குக் கால், மண்டபத்துக்குக் கால், எழுத்துக்கும் கால். 'கா' என்று எழுதும்போது க-வை அடுத்து நிற்கும் குறிக்குத் துணைக்கால் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்? அந்தக் காலுக்கும் வரலாறு உண்டு. ணா, றா, னா மூன்றுக்கும் முன்பு தனிக் கால் இல்லை, எழுத்தையே வளைத்து எழுதினார்கள். பெரியார் 1935 முதல் குடி அரசில் அவற்றை மாற்றி அச்சிட்டார். 1978இல் தமிழக அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிய பிறகே மூன்றும் மற்ற எழுத்துகளைப் போலத் துணைக்கால் பெற்றன. தாத்தாவின் பழைய புத்தகத்தைப் பேரக்குழந்தை தடுமாறிப் படிப்பது இதனால்தான்.

நான் அதிகம் வியக்கும் பொருள் நான்கில் ஒன்று. கால் கிலோ, கால் மணி நேரம், முக்கால், அரைக்கால். நடக்கும் உறுப்பு எப்படிப் பின்னமானது? ஆட்டையோ மாட்டையோ பங்கு போடும் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. நான்கு கால் உள்ள உயிரில் ஒரு கால் என்பது நான்கில் ஒரு பங்கு. இந்த எண்ணம் தமிழருக்கு மட்டும் தோன்றவில்லை. சமஸ்கிருதத்தில் பாதம் என்றால் அடி, நான்கில் ஒரு பங்கும் அதுதான். பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு நான்கு பாதம், மொத்தம் 108. இந்தியில் கால் கிலோவைக் குறிக்கும் 'பாவ்' அந்தப் பாதத்திலிருந்து தேய்ந்து வந்த சொல். அங்கே உறுப்பின் பெயர் வேறு, ஒலி வேறு, ஆனால் கருத்து ஒன்று. இரு மொழிக்குடும்பங்களும் ஒரே மாட்டைப் பார்த்துத் தனித்தனியே எண்ணியிருக்கலாம், பக்கத்தில் வாழ்ந்து ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றிருக்கலாம். மலையாளத்திலும் கன்னடத்திலும் இந்தப் பின்னம் உண்டு. சிங்களத்திலும் பத்தேகால் மணியைச் சொல்லும்போது 'கால' என்ற சொல்தான் வருகிறது.

கால் என்ற பின்னம் கணக்குப் பாடத்தோடு நின்றுவிடவில்லை, ஆட்சியுரிமையையும் அளந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை. ஊர்ச்சபையின் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் இடம்பெற வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் உடையவராக இருக்க வேண்டும் என்பது அவற்றிலுள்ள தகுதிகளுள் ஒன்று. வேதம் கற்றுத் தேர்ந்தவருக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, போதும். அந்தச் சபையை மக்களாட்சியின் தொட்டில் என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தக் 'கால்' என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலம் இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

பழைய கணக்கில் காலுக்குக் குறி 'வ', எட்டுக்குக் குறி 'அ'. எட்டேகால் என்று எழுதினால் 'அவ' என்று வரும். 'எட்டேகால் லட்சணம்' என்று ஒருவரைத் திட்டுவது அவலட்சணம் என்று திட்டுவதுதான். இந்த வசையை ஔவையாரின் தனிப்பாடலோடு இணைத்து ஊரெல்லாம் கதை சொல்கிறார்கள். குறியைத் தெரிந்தவர்கள் குறைந்தாலும் வசை பிழைத்துக்கொண்டது. இந்தப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் தனி இடம் பெற்றன. பழைய கணக்கேடுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

உறுப்பையும் தூணையும் பின்னத்தையும் ஒரு கொடியில் கட்டிவிடலாம். காற்று என்ற பொருளைச் சேர்ப்பதுதான் கடினம். சங்கப் பாடல்களில் கால் என்றால் காற்று. புகார் நகரத்து மாளிகைகளின் சன்னலைச் சிலப்பதிகாரம் காலதர் என்கிறது. கால் காற்று, அதர் வழி. ஆங்கிலேயர் சன்னலுக்கு வழங்கும் சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற தொடராக இருந்து தேய்ந்ததுதான். கண்ணாடி வருவதற்கு முன்னால் சன்னல் எதற்காக இருந்தது என்பதை இரு மொழிகளும் நினைவில் வைத்திருக்கின்றன. இந்தக் காலும் நடக்கிற காலும் ஒரே சொல்தானா? 'உமிழ்தல், வெளிவிடுதல்' என்ற பொருளில் காலுதல் என்ற வினையும் இருக்கிறது. நஞ்சு கான்ற பாம்பு, கதிர் கான்ற ஞாயிறு என்பதில் வருவது அதுதான். நீர்வழி காலிலிருந்து பிரிந்ததா, காலுதலிலிருந்து பிரிந்ததா என்ற கேள்வியும் எழுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் அகராதி 'கால்' என்பதை ஒரே தலைப்பில் அடக்காமல் பல தலைச்சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதுவே முறை. ஒலி ஒன்றானதால் எல்லாவற்றையும் ஒரே வேரில் கொண்டுபோய்க் கட்டுவது ஆசையாக இருக்கும், ஆய்வாக இருக்காது.

இலக்கணத்திலும் இந்தச் சொல் குடியேறியிருக்கிறது. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளைத் தரும் சொற்களை நன்னூல் 28 என்று எண்ணுகிறது. அந்த வரிசையில் கால் உண்டு. அதன் அருகிலேயே கண், தலை, வாய், இடை ஆகியவையும் நிற்கின்றன. தமிழன் இடத்தைக் குறிக்கத் தன் உடலையே அளவுகோலாக எடுத்திருக்கிறான். பிறகு 'கற்றக்கால்', 'கேட்டக்கால்' என்று நிபந்தனையைக் குறிக்கும் ஈறாகவும் கால் வந்தது. திருக்குறளில் இதைப் பல இடங்களில் பார்க்கலாம். இன்றைய பேச்சில் அந்த இடத்தை 'ஆல்' பிடித்துக்கொண்டது.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து வீடுகளில் இந்த உறுப்புக்கு என்ன பெயர்? மலையாளத்தில் கால், கன்னடத்திலும் தெலுங்கிலும் காலு. துளுவில் காரு. நீலகிரித் தொதவர் மொழியில் கோல். கடைசி இரண்டும் வேறு சொற்கள் என்று தோன்றும். ஆனால் தமிழின் பால் துளுவில் பேரு என்று வருகிறது, அங்கும் லகரம் ரகரமாகியிருக்கிறது. தொதவ மொழியில் ஆகாரம் ஓகாரமாவது ஒரு சொல்லில் நேர்ந்த விபத்து அல்ல, சொல் சொல்லாக நடப்பது. மொழிகளின் உறவை நிறுவுவது இத்தகைய ஒழுங்குதான். 1816இல் சென்னையில் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியபோதும், 1856இல் கால்டுவெல் அதை விரித்து எழுதியபோதும், ஒரு சொல்லின் ஒலியை மட்டும் நம்பவில்லை. வேர்களையும் ஈறுகளையும் கூட்டம் கூட்டமாக ஒப்பிட்டார்கள்.

உடன்பிறந்த மொழிகளுக்குள்ளும் ஏமாற்றும் ஒலி உண்டு. திருவண்ணாமலைக்குத் தெலுங்கு பேசும் அடியார்கள் பெருங்கூட்டமாக வருகிறார்கள். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையை வெறுங்காலோடு வெயிலில் நடக்கும் ஒருவர் 'காள்ளு காலுதுன்னாயி' என்று சொன்னால், தமிழ்க் காதுக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அவர் சொல்வது 'கால்கள் சுடுகின்றன' என்பது. தெலுங்கில் காலு உறுப்பு, காலு என்பதே எரிதலைக் குறிக்கும் வினையும்கூட. காற்றுக்கு அவர்கள் சொல்வது, முதலொலியை அதிர்த்துச் சொல்லும் காலி. தமிழ் எழுத்தில் அதையும், அரபியிலிருந்து உருது வழியாக வந்து வெறுமையைக் குறிக்கும் 'காலி'யையும் பிரித்து எழுத வழி இல்லை. க என்ற ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமப்பதால் வரும் மயக்கம் இது.

இனி முற்றிலும் அயலான காதுகள். வடக்கிலிருந்து வந்த பயணி 'கல்' என்றால் அது நமது கல்லும் அல்ல, காலும் அல்ல, நேற்று அல்லது நாளை. எது என்பதை வினைச்சொல் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடியலைக் குறித்த 'கல்ய' என்ற பழைய சொல்லின் வழியில் வந்தது அது. கழிந்த விடியலும் வரும் விடியலும் ஒன்றே என்று இந்தி முடிவுசெய்துவிட்டது. வங்காளியில் நெடிலாகக் 'கால்' என்றே சொல்கிறார்கள், அங்கும் நேற்றும் நாளையும் அதுவே. மராத்தி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. அங்கே கால் என்றால் நேற்று. துருக்கியில் 'கல்' என்பது 'இரு, போகாதே' என்னும் ஏவல். அரபியில் 'கால' என்றால் 'அவன் சொன்னான்'. ஜெர்மானியர்க்கும் டச்சுக்காரர்க்கும் கால் என்றால் வழுக்கை. டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அது 'வெறும், ஆடையற்ற' என்ற பொருளுக்கும் வந்துவிட்டது. அந்த மொழியில் வெறுங்காலோடு நடப்பவரைக் 'கால்ஃபுட்' என்கிறார்கள். அதில் கால் இருக்கிறது, ஆனால் கால் என்ற பொருளில் இல்லை. அது 'வெறும்' என்பதைக் குறிக்கிறது, 'ஃபுட்'தான் காலைக் குறிக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பனுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர் இந்தச் சொல்லைக் கேட்டால் பொருளும் ஒலியும் இப்படி இடம் மாறி நிற்பதை உடனே உணர்வார்கள்.

இப்படிப்பட்ட ஒற்றுமைகளைப் பார்த்தவுடன் 'தமிழிலிருந்து போனது' என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. தமிழின் மேல் உள்ள அன்புதான் காரணம் என்று தெரியும். அந்த அன்பு எனக்கும் உண்டு. ஆனால் அது தமிழுக்கு நன்மை செய்யவில்லை. ஆங்கிலத்தில் கெண்டைக்காலுக்கு வழங்கும் 'காஃப்' என்ற சொல்லைத் தமிழ்க் காலோடு இணைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் எழுத்தில் ஒலிக்காத லகரம்கூட இருக்கிறது. ஆனால் அது நார்ஸ் மொழியின் 'கால்ஃபி'யிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழோடு உறவு காட்டும் ஒழுங்கான ஒலிமாற்றம் ஒன்றும் இல்லை. உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்கு ஃபின்னிய மொழியையும் ஹங்கேரிய மொழியையும் பார்க்கலாம். ஃபின்னியத்தில் மீன் 'கல', ஹங்கேரியத்தில் 'ஹல்'. ஃபின்னியத்தில் மூன்று 'கோல்மே', ஹங்கேரியத்தில் 'ஹாரொம்'. கேட்டால் அந்நியமாகத் தோன்றும் சொற்கள். ஆனால் அங்கே ககரம் வரும் இடத்தில் இங்கே ஹகரம் வருவது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அவை உறவினர். ஒலி ஒத்தவை உறவில்லாமல் போகலாம், ஒலி ஒவ்வாதவை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம். நூறு சொற்களை அடுக்கி வரிசையைச் சரிபார்க்கும் பொறுமைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். துளுவின் காருவையும் தொதவரின் கோலையும் நமக்குக் கொடுத்தது அந்தப் பொறுமை. அதைக் கைவிட்டால் உண்மையான உறவினரையும் சேர்த்துத்தான் இழப்போம்.

பிறப்பால் உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே வீட்டில் நெடுநாள் வாழ்ந்து உறவாகிவிடுவதும் உண்டு. சமஸ்கிருதத்தில் கால என்பது நேரம், மரணத்தின் பெயரும் அதுவே. அது தமிழுக்கு வந்து காலம் ஆனது, காலன் ஆனது. அருணாசலேசுவரருக்கு நடப்பது ஆறு கால பூஜை. அதைக் கேட்கும் யாரும் ஆறு கால்களை நினைப்பதில்லை, இரண்டும் தனித்தனியே தங்கள் வழியில் போகின்றன. ஆனால் கவிஞர்கள் அவற்றைத் தனியே விடவில்லை. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்று சோழநாட்டில் திருக்கடையூரைச் சொல்கிறார்கள். உதைத்தது கால், உதைபட்டவன் காலன். தேவாரம் பாடியவர்கள் இந்த ஒலியைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார்கள். பாரதியோ காலனைத் தன் காலருகே வரச்சொல்லி மிதிக்கப்போவதாகவே பாடிவிட்டார். காலன் வடமொழி, கால் தமிழ். இந்தியில் இந்தப் பாட்டை எழுத முடியாது, அங்கே காலன் இருக்கிறான், அவனை மிதிக்கும் காலுக்குப் பெயர் வேறு. இரண்டும் ஒரே நாவில் புழங்கும் தமிழிலும் அதன் உடன்பிறந்த மொழிகளிலும்தான் அது இயலும்.

இந்த இரண்டு சொற்களும் ஒரே பெயருக்கு உரிமை கொண்டாடிய இடமும் ஒன்று உண்டு. சோழன் கரிகாலன். இளமையில் நெருப்பில் கருகிய காலை உடையவன் என்பது பழைய தமிழ் வழக்கு. யானைகளுக்குக் காலன், அதாவது பகைவரின் யானைப்படைக்கு எமன், என்பது பின்னாளைய விளக்கம். நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் முதல் பொருளையே பழையதாகக் கொண்டு, மற்றது சமஸ்கிருதச் செல்வாக்கில் எழுந்தது என்று எழுதினார். வடமொழி கற்ற புலவர்களுக்குத் தங்கள் பேரரசன் ஒரு காயத்தின் பெயரால் அழைக்கப்படுவது பொருத்தமாகப் பட்டிருக்காது. கரிகாலனின் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அவனுடைய தீக்காயத்தை எதிரியின் மரணமாக மாற்றிவிட்டார்கள்.